சாமியும் இல்லை, கட்சியும் இல்லை: என் வாக்கு எதன் மேல் நிற்கிறது?

கறுப்புச்சட்டை மகன்
ஞாயிறு, இரவு 10:40

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கறுப்புச்சட்டைக்காரர். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் சட்டத்திருத்தம் வந்து நாலு வருஷம் கழித்து அப்படித்தான் அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றி, ஊர் முன்னால் உறுதிமொழி படித்தார்கள். எங்கள் வீட்டில் சாமி படம் இருந்ததே இல்லை. பொய் சொல்லாதே, கை நீட்டாதே, யாரிடமும் சாதி கேட்காதே. இவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. தப்புப் பண்ணினால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "உனக்கே தெரியும்ல?" என்று மட்டும் கேட்பார். அது அடியைவிட மோசமாக இருக்கும்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கட்சிக்குள் வந்தேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். 14 வருஷம் கிளைச் செயலாளர். கொடி கட்டியிருக்கிறேன், சுவர் எழுதியிருக்கிறேன், ரத்தம் கொடுத்திருக்கிறேன். அப்புறம் ஓட்டுக்குப் பணப் பட்டுவாடாவும் செய்திருக்கிறேன்.

முதல் தடவை கவரைக் கையில் வாங்கும்போது கூசியது. எல்லாரும் கொடுக்கிறார்கள், நாம் கொடுக்காவிட்டால் தோற்போம், தோற்றால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். நானும் எனக்கு அதையே சொல்லிக்கொண்டேன். மறு தேர்தலில் கூச்சம் இல்லை. அதற்கும் அடுத்த தேர்தலில்தான் இது நடந்தது.

இரண்டு பக்கமும் பணம் இறங்கியிருந்தது. வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று மேலே இருந்தவர்களுக்குப் பயம். சத்தியம் வாங்கச் சொன்னார்கள். கவர் கொடுக்கும்போதே கற்பூரத் தட்டையும் நீட்ட வேண்டும், அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கவர். எங்கள் பாகத்தில் பட்டியல் ஒருவன் கையில், பை ஒருவன் கையில். தட்டைப் பிடித்தது நான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்த அந்தத் தட்டோடு சுமார் 60 வீட்டு வாசலில் நின்றேன். என் அப்பா அப்போது உயிரோடு இல்லை.

கடைசித் தெருவில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். சுயேச்சையாக நின்ற ஒரு பையன் அவருக்கு முன்பு ஆஸ்பத்திரி விஷயத்தில் உதவியிருந்தான். "நான் அவனுக்குப் போடலாம்னு இருந்தேனே" என்றார். கூட வந்தவன் கவரை உள்ளே இழுத்துக்கொண்டான். பாட்டி கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். மாத்திரை வாங்கக் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். கற்பூரத்தின் மேல் கை வைத்தார்.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, "ஒங்களுக்குத்தான்யா போட்டேன். சத்தியம் பண்ணிட்டேன்ல, வேற வழி?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறு வருஷம் கட்சியை விட்டுவிட்டேன். இன்றைக்கு எனக்கு 47 வயது. கடவுள் இல்லை என்பதில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. கட்சி மேல் இருந்த நம்பிக்கை செத்துப்போச்சு. தேர்தல், போலீஸ், கோர்ட் எதைப் பார்த்தாலும் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பாட்டிக்குத் தன் வாக்கைக் காப்பாற்ற ஒரு கற்பூரம் இருந்தது. எனக்கு எது இருக்கிறது? நான் யாருக்காவது வாக்குக் கொடுத்தால் அது எதன் மேல் நிற்கும்?

சாமி நம்பிக்கைக்கு வா என்று கூப்பிடாதீர்கள். வேறு கட்சிக்கும் கூப்பிடாதீர்கள். மற்றபடி திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.


கணக்கு டீச்சர்
திங்கள், காலை 6:15

தம்பி, நான் தினமும் கோயிலுக்குப் போகிறவள். உங்களைக் கூப்பிட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒன்று. அந்தப் பாட்டி செய்தது சத்தியமே இல்லை. பசித்தவள் கையைப் பிடித்து நெருப்பில் வைத்து வாங்கியது எந்தச் சாமிக் கணக்கிலும் சேராது. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பாட்டி அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார், நீங்கள் அதை வைத்து ஓட்டு வாங்கினீர்கள். நம்பிக்கை இல்லாதவர் நம்பிக்கை உள்ளவரின் நம்பிக்கையைக் கருவியாக்கினீர்கள். எனக்கு வலித்தது அந்த இடம்தான். பணம் கொடுத்ததைவிட அது பெரிய தப்பு.

இரண்டாவது, தேர்தலே பொய் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆறு தேர்தலில் பணி பார்த்திருக்கிறேன், இரண்டில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். முதல் நாள் மதியமே பெட்டி, மெஷின் எல்லாம் எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்குவோம். ராத்திரி பெஞ்சில் படுக்கை, கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்காது. விடிவதற்கு முன் எழுந்து முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, சீல் வைத்து, அப்புறம்தான் உண்மையான ஓட்டு. சாயந்திரம் 17சி படிவத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி ஒவ்வொரு கட்சி முகவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். ஒரு தடவை ஒரே ஒரு ஓட்டு கணக்கில் இடித்தது. மூன்று பேர் இரவு 9 மணி வரை உட்கார்ந்து பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தோம். யாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் முஸ்லிம், நான் இப்படி, இன்னொருவர் உங்களைப்போல் சாமி கும்பிடாதவர். அவர்தான் தப்பைக் கண்டுபிடித்தார்.

வெளியில் கவர் ஓடியது, அது எனக்கும் தெரியும். உள்ளே அந்த ஒரு ஓட்டுக்காக மூன்று பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும் நிஜம்தானே.


இரவுப்பணி
திங்கள், பிற்பகல் 2:05

டீச்சர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் பார்த்தது வேறு.

போன வருஷம் அப்பா இறந்தார். வாரிசுச் சான்றுக்கு அலைந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை ஒருவர் வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் 3,000 கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாளில் சான்று வந்தது. அந்தத் தாளில் என் அப்பா பெயர் இருக்கிறது. அதை இன்றுவரை சரியாகப் பார்க்க முடியவில்லை.

எனக்கும் சாமி இல்லை. அண்ணன் கேட்டதை நான் இன்னும் கீழே இறங்கிக் கேட்கிறேன். எல்லாரும் எடுக்கிற இடத்தில் நான் ஒருவன் எடுக்காமல் இருந்து யாருக்கு என்ன? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். வார்டுக்குக் கூட்டிப் போவதற்குத் தள்ளுநாற்காலிக்கு நூறு, இருநூறு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை. ஏன் வாங்குவதில்லை என்று என்னையே கேட்டால் பதில் வரவில்லை.


கீழ்க்கோர்ட் வக்கீல்
திங்கள், இரவு 9:30

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரவுப்பணித் தம்பி, முதலில் உங்களுக்கு. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. உங்கள் 7 நாள் போய்விட்டது. இது இங்கே படிக்கிற மற்றவர்களுக்காக. துக்க வீட்டில் இருக்கிறவனுக்கு 7 நாள் எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள், கேட்பது நியாயம்தான்.

ஓட்டுக்குப் பணம் விஷயத்திலும் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பாட்டியும் குற்றவாளி, தட்டைப் பிடித்த கறுப்புச்சட்டை மகனும் குற்றவாளி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது, மனசாட்சி உள்ளவன் வைக்க மாட்டான். நடைமுறையில் எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல். 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல். எல்லாம் பணத்துக்காகவே நிறுத்தப்பட்டவை. அப்புறம் நடந்து, ஜெயித்து, சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். அங்கே போய் என்ன செய்தார்கள்? உறுதிமொழி எடுத்தார்கள்!

இப்போது கறுப்புச்சட்டை மகனின் கேள்விக்கு வருகிறேன். நாத்திகன் வாக்கு எதன் மேல் நிற்கும் என்பது உலகத்தில் ஒரு நாடாளுமன்றமே உட்கார்ந்து சண்டை போட்ட கேள்வி. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்று ஒருவர். 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். வெளிப்படையான நாத்திகர். கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உறுதி கூறுகிறேன் என்றார், அனுமதிக்கவில்லை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார், அதற்கும் விடவில்லை. நாத்திகன் செய்கிற சத்தியத்துக்கு மதிப்பு ஏது என்றார்கள். ஒரு ராத்திரி நாடாளுமன்ற மணிக்கூண்டிலேயே அடைத்து வைத்தார்கள். பதவியைப் பறிக்கப் பறிக்கத் தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-ல்தான் உள்ளே போய் உட்கார முடிந்தது. 1888-ல் விரும்புகிறவர் கடவுளைச் சொல்லாமலே உறுதி கூறலாம் என்று சட்டம் வந்தது, அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. பெரியார் வருவதற்கு முன்பே, 1880-களில், சென்னை இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. பிராட்லாவின் கருத்துகளைப் பின்பற்றியவர்கள். 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி என்று தமிழில் பத்திரிகை நடத்தினார்கள். சுயமரியாதை இயக்கம் பிறந்தது அதற்கு ஒரு தலைமுறைக்கும் மேல் கழித்துத்தான், 1925-ல்.

கடவுளைச் சொல்லாமல் உறுதி கூறும் அந்த வழக்கம்தான் இன்றைக்கு நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லாவிட்டால் 'உளமார உறுதி கூறுகிறேன்' எனலாம். கோர்ட்டில் சாட்சி சொல்லவும் அப்படியே. 25 வருஷமாகச் சாட்சிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடவுள் பெயரால் சொன்னவர் அதிகம் உண்மை பேசுகிறார், உளமார என்றவர் குறைவாகப் பேசுகிறார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. வேறொரு வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாரோ அந்த மனிதர் எதிரில் நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.


யாழ்ப்பாணத்தான்
செவ்வாய், அதிகாலை 5:50

வணக்கம் அண்ணை. நான் எழுதுவது வேறு நாட்டுக் கதை. ஆனாலும் உங்கட கேள்விக்குக் கிட்ட வருமென்று நினைக்கிறேன்.

எங்கட பக்கம் கோயிலுக்குக் குறைவில்லை. இயக்கங்கள் கனக்க இருந்தன, கட்சிகள் இப்பவும் இருக்கின்றன. எல்லாரும் எங்களுக்காகத்தான் என்று சொன்னார்கள். போர் முடிந்த 2009-க்குப் பிறகு எங்கட வீட்டில் யாரும் எதற்கும் கை தட்டுவதில்லை. அம்மா மட்டும் கோயிலுக்குப் போவா. நான் வாசலில் நிற்பேன்.

2022-ல் எரிபொருள் இல்லாத நேரம் நினைவிருக்கும். கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போன காலம். அதுக்கு முதல் எங்கட ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. இரண்டு நாள், மூன்று நாள் என்று நிற்க வேண்டும். முதல் நாளே அடிபிடி. இரண்டாம் நாள் ஒரு வயசானவர் வந்தார், ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு (உங்கட பக்கம் நோட்டு). வரிசையில் நிற்கிற எல்லாருடைய பெயரையும் இலக்கம் போட்டு எழுதினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாங்கோ, உங்கட இடம் கொப்பியில் இருக்கு என்றார்.

அவருக்கு ஒரு பதவியும் இல்லை. போரில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். கோயில் பக்கமே போகாதவர் என்று ஊருக்குத் தெரியும். ஒரு செல்வாக்கான ஆள் வாகனத்தில் வந்து இறங்கி, தனக்கு அவசரம் என்றார். கிழவர் கொப்பியைத் திறந்து, "உங்கட இலக்கம் 213 ஐயா, எழுதிப்போட்டன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஆள் சுற்றிவரப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய்க் கடைசியில் நின்றார்.

பிறகு வரிசை குறைந்தது, கொப்பி தேவைப்படவில்லை. அந்த நாலைந்து வாரம் அரசாங்கம் எங்களுக்கு இல்லை. பொலிஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சனம் அந்தக் கொப்பியை நம்பினது. அதில் அவர் தன்னுடைய பெயரை எந்த இடத்தில் எழுதியிருந்தார் என்று நான் எட்டிப் பார்த்தேன். 87. வந்த நேரத்தில் வரிசையில் அவருக்கு எந்த இடமோ அந்த இடம். அதைப் பார்த்த பிறகுதான் நானும் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன்.


இரவுப்பணி
செவ்வாய், காலை 8:20

87 என்ற அந்த எண்ணை டூட்டி முடிந்து வந்து மூன்று தடவை படித்தேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.


பெஸவாடா தமிழன்
செவ்வாய், இரவு 11:10

ரயில்வே வேலையாக விஜயவாடாவுக்கு வந்து 19 வருஷம். இங்கே பென்ஸ் சர்க்கிள் பக்கத்தில் நாத்திக மையம் இருக்கிறது. இதைத் தொடங்கிய கோராவைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். சாமியும் இல்லை, கட்சியும் இல்லை என்று தலைப்பைப் பார்த்ததுமே அவர் முகம்தான் வந்தது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க வேலை செய்த மனிதர் அவர்.

கோபராஜு ராமச்சந்திர ராவ், சுருக்கமாகக் கோரா. 1902-ல் பிறந்தவர். பிராமணக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பாடம் நடத்தினார், கொழும்பிலும் கொஞ்ச காலம். காக்கிநாடாவில் கல்லூரி வேலை பார்த்தபோது நாத்திகக் கருத்துக்காக வேலையை விட்டு அனுப்பினார்கள். 1940-ல் கல்லூரி வாழ்க்கையையே விட்டுவிட்டு மனைவி சரஸ்வதி, குழந்தைகளோடு கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூர் என்ற கிராமத்துக்குப் போய் மையத்தைத் தொடங்கினார். அங்கே அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தது. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுவதைவிட அது அந்தக் காலத்தில் ஆபத்தான காரியம்.

காந்தியிடம் இவர் போய் வாதாடியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1940-களின் நடுவில் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துக்குப் போனார். காந்தி அவரை மாற்ற முயற்சி செய்யவில்லை. என் நம்பிக்கை சரி என்றோ உன் நாத்திகம் தப்பு என்றோ என்னால் சொல்ல முடியாது, நாம் இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற பொருளில் பேசினார். (வக்கீல் ஐயா சொன்ன பிராட்லாவின் சவ அடக்கத்துக்கு 1891-ல் லண்டனில் மாணவராக இருந்த காந்தி போயிருந்தார். எனக்கு அதில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது.)

கோரா தன் மூத்த மகளைத் தலித் இளைஞர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தார். சேவாகிராமத்திலேயே கல்யாணம் நடக்கட்டும் என்றார் காந்தி. கோராவுக்காகச் சடங்கில் கடவுள் பெயரால் என்று வரும் இடத்தில் உண்மையின் பெயரால் என்று மாற்றிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்கு முன் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 மார்ச்சில் அந்தக் கல்யாணம் சேவாகிராமத்தில் நடந்தது. வாக்குக் கொடுத்தவர் இல்லை, அந்த வாக்கு நிறைவேறியது. கறுப்புச்சட்டை மகன் கேட்ட கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது.

கோரா கட்சிகளையும் விட்டுவிட்டார். சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவர், சுதந்திரம் வந்த பிறகு கட்சியற்ற ஜனநாயகம் வேண்டும் என்றார். கட்சி என்று வந்தால் உறுப்பினர் தொகுதிக்காரனுக்குக் கட்டுப்படாமல் கொறடாவுக்குக் கட்டுப்படுகிறார் என்பது அவர் கவலை. தனியாகத் தேர்தலில் நின்றார், தோற்றார். 1961-ல் இதை வலியுறுத்தி சேவாகிராமத்திலிருந்து டெல்லிக்கு நடந்தே போனார். 1975 ஜூலையில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே இறந்தார். அவர் மகன் லவணமும் மருமகள் ஹேமலதாவும் ஸ்டூவர்ட்புரத்தில், குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் முத்திரை குத்திய மக்களோடு பல வருஷம் வேலை செய்தார்கள்.

அவர் வாதம் எளிமையானது. மேலே கணக்குப் பார்க்க ஒருவன் இல்லை என்றால் நான் செய்தது என் பொறுப்பு, தட்டிக்கழிக்க வேறு ஆள் இல்லை. ஒளிக்கவும் கூடாது. நாத்திகனுக்கு அவர் வைத்த முதல் நிபந்தனை வெளிப்படையாக வாழ்வது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இங்கே வந்து எழுதினீர்களே, அது அந்த முதல் நிபந்தனைதான் தோழர்.


கீழ்க்கோர்ட் வக்கீல்
புதன், காலை 7:45

கோரா மேல் மரியாதை உண்டு. கட்சியற்ற ஜனநாயகம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கட்சி இல்லாத இடத்தில் சாதியும் பணமும் நேரடியாக வந்து உட்காரும். நம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே பணம் ஓடவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? சில ஊர்களில் பதவியையே ஏலம் விடுகிறார்கள்.


பெஸவாடா தமிழன்
புதன், காலை 9:00

அது சரிதான் ஐயா. அவர் சொன்ன மருந்து வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்பிக்கை போன பிறகும் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.


முடமோசி வாசகன்
புதன், பிற்பகல் 4:30

நான் தமிழ் படிக்கிற மாணவன். சின்னதாக ஒன்று.

புறநானூற்றில் 134-ஆம் பாட்டு. ஆய் என்ற வள்ளலை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது. இந்தப் பிறவியில் செய்தால் மறுபிறவிக்கு உதவும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற 'அறவிலை வணிகன்' இல்லை இவன் என்கிறார். அறத்தை விலை பேசுகிற வியாபாரி! சான்றோர் போன வழி இது என்பதால் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்று குறளும் சொல்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, முடமோசியார் சாமியையும் கொண்டுவரவில்லை, அரசனின் சட்டத்தையும் கொண்டுவரவில்லை. முன்னால் நடந்து போன நல்லவர்களைக் காட்டுகிறார். அண்ணனுக்கு அப்பா இருந்தார். யாழ்ப்பாண அண்ணனுக்குக் கொப்பி வைத்திருந்த பெரியவர். இரவுப்பணி அண்ணன் தள்ளுநாற்காலிக்குக் காசு வாங்காததற்குக் காரணம் தெரியவில்லை என்றார். யாரைப் பார்த்து அப்படி ஆனார் என்று யோசித்தால் தெரியலாம்.


இரவுப்பணி
புதன், இரவு 7:10

என் அப்பா பஸ் கண்டக்டர். மீதிச் சில்லறை வாங்காமல் இறங்கிப் போன பயணியைத் தேடி மறுநாள் அதே நிறுத்தத்தில் கொடுப்பார். மூன்று ரூபாய், நாலு ரூபாய். சின்ன வயசில் எனக்கு வெட்கமாக இருக்கும்.

வாரிசுச் சான்றை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன்.


கறுப்புச்சட்டை மகன்
வெள்ளி, இரவு 9:55

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். டீச்சர் எழுதிய முதல் பத்தியை மட்டும் பல தடவை. அதனால் நேற்று அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன்.

போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நான் உங்களிடம் வாங்கிய சத்தியம் தப்பு, அது செல்லாது, அதிலிருந்து உங்களை விடுவிக்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

பாட்டி சிரித்தார். "நான் சத்தியம் பண்ணுனது சாமிகிட்ட. அதுல இருந்து விடுவிக்க நீ யாரு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நிஜமாகவே நான் யார்?

அப்புறம் கீரையை ஓரமாக வைத்துவிட்டு, "அத விடு. நீ ஒன்னு சொன்னியே, அது என்னாச்சு?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போது நான், "போடுங்க பாட்டி, முதியோர் பணம் வர்றதுக்கு நான் பாக்குறேன்" என்று சொன்னேனாம். அவர் கை வைத்தது கற்பூரத்துக்காக மட்டும் இல்லை, அந்தப் பேச்சையும் நம்பித்தான். எனக்கு அது நினைவிலேயே இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நீளமாக எழுதினேன், அதில் அந்த வரி இல்லை. கற்பூரம் இருந்தது, என் அப்பா இருந்தார், தேர்தலும் கோர்ட்டும் இருந்தன. நான் கொடுத்த வாக்கு மட்டும் இல்லை.

அவர் சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார். என்னுடையது இத்தனை வருஷமாக அப்படியே கிடக்கிறது.

நேற்று மதியமே இ-சேவை மையத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். ஒரு தடவை ஏற்கெனவே யாரோ விண்ணப்பித்து நிராகரித்திருக்கிறார்கள். ஆதாரில் வயது 57 என்று இருக்கிறது. பாட்டிக்கு எப்படிப் பார்த்தாலும் எழுபதைத் தாண்டியிருக்கும், ஆதார் எடுத்தபோது யாரோ வாய்க்கு வந்ததைப் பதிந்துவிட்டார்கள். பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிக்கூடம் போனதில்லை. வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன், வயதுக்கு ஆதாரம் கொண்டு வரச் சொன்னார். மாதா மாதம் வரும் அந்தத் தொகை அவருக்குப் பெரிய பணம்.

ஒரு விஷயம். பட்டுவாடாவுக்கு நாங்கள் வைத்திருந்த வாக்காளர் பட்டியல் என் பீரோவில் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக நான் பேனாவால் டிக் அடித்திருக்கிறேன், பக்கத்தில் வயது 66 என்று அச்சில் இருக்கிறது. இது எங்கேயாவது செல்லுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கு டீச்சர்
வெள்ளி, இரவு 10:20

பட்டியல் மட்டும் போதுமா தெரியாது தம்பி, ஆனால் கையில் வைத்திருங்கள். பேனா டிக் இல்லாத பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதே சிக்கல் வந்தபோது அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வைத்தோம், அதன் பிறகு தாலுகா ஆபீஸில் எடுத்துக்கொண்டார்கள். பாட்டிக்குப் பிள்ளைகள் இருந்தால் மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றில் பிறந்த வருஷம் இருக்கும், அதையும் சேர்த்துக் காட்டுங்கள். ஆதார் திருத்தத்தையும் பக்கத்திலேயே நடத்துங்கள்.


இரவுப்பணி
வெள்ளி, இரவு 10:45

அண்ணன், எந்த மாவட்டம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். எங்கள் ஆஸ்பத்திரி பக்கமாக இருந்தால் திங்கட்கிழமை பாட்டியைக் கூட்டி வாருங்கள். காலை 8 மணிக்குள் வந்தால் சீட்டு வாங்கி நான் நிற்கிறேன். தள்ளுநாற்காலி நானே கொண்டு வருகிறேன்.


கறுப்புச்சட்டை மகன்
வெள்ளி, இரவு 10:52

அனுப்பியிருக்கிறேன் தம்பி. பாட்டியிடம் காலையில் போய்ச் சொல்கிறேன், இப்போது தூங்கியிருப்பார்.